மே மாதத்தில் ஹீட்டர்

மத்திய கைலாஷ் சிக்னலில்
ஊசி நடுக்கோட்டைத் தாண்டியது.
ஒரு மயிரிழைதான்.
காய்ச்சல் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பழகியவளுக்கு
அது போதும்.

நூற்றிப் பதினேழு வினாடி என்கிறது சிவப்பு.
பானட்டுக்கு அடியில்
சூப்பர்சார்ஜர் சும்மா இருக்கிறது.
சும்மா இருப்பதுதான் அதற்கு ஆகாது.
ஓடினால் காற்று தானே வரும்.
நின்றால், தான் விட்ட மூச்சையே தான் இழுக்கும்,
கல்யாண மண்டபத்துச் சமையலறை மாதிரி.

"இந்த ஊருக்கு இது எதுக்கும்மா?"
வாங்கிய முதல் வாரமே கேட்டார்
புதுப்பேட்டை மொஹிதீன் பிச்சை.
பதிலுக்குக் காத்திராமல் ரேடியேட்டரைக் கழற்றினார்.
முந்தைய சொந்தக்காரர் ஊற்றிய போர் தண்ணீர்
வெந்நீர் அண்டாவின் அடிபோல
வெள்ளை வெள்ளையாய் உப்புக் கட்டியிருந்தது.
"இதைக் குடிச்சா நமக்கே கல்லு வரும்."

அன்றிலிருந்து
டிக்கியில் ஐந்து லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர்.
எனக்குக் கேன் தண்ணீர்,
அதற்கு அதைவிடச் சுத்தம்.
கூலன்ட் பாதிக்குப் பாதி என்று டப்பாவில் எழுதியிருக்கும்.
அந்தக் கணக்கு பனி பெய்யும் ஊருக்கு.
இங்கே உறைந்துபோக என்ன இருக்கிறது?
தண்ணீரைக் கூட்டு, மருந்தைக் குறை என்றார்.

இன்டர்கூலருக்குத் தனிப் பம்ப்.
அதன் முனகல் இருக்கிறதா என்று
தினமும் சாவியைப் பாதி திருப்பிவிட்டுக்
கண்ணை மூடிக் காது கொடுப்பேன்.
நான் சாமி கும்பிடுகிறேன் என்று
வாட்ச்மேன் நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது.
கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே
வேளச்சேரி ஏரிக் கொசுவும்
மெட்ரோ பள்ளத்துத் தூசியும் சேர்ந்து
ஒரு கம்பளி நெய்து வைத்திருக்கும்.
பழைய டூத்பிரஷ், குனிந்த முதுகு, ஒரு மணிநேரம்.
பணம் கொடுத்தால் செய்ய ஆளுண்டு.
கொடுக்க மாட்டேன்.

எழுபத்தெட்டு.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி,
வால்வு சரியாக மூடாமல்
தாரின் மேல் ஈரக்கோடு போட்டபடி நிற்கிறது.
அத்தனை ஆயிரம் லிட்டர்
கை நீட்டும் தூரத்தில்.

ஏசியை அணைத்தேன்.
ஊசி நம்பவில்லை.
கண்ணாடிகளை இறக்கினேன்.
பிறகு,
கத்திரி வெயில், ஒன்று பத்து,
கடல்காற்று இன்னும் திருவான்மியூர் மணலிலேயே
வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்க,
ஹீட்டரைத் திருப்பினேன்.
கடைசிவரை.

எஞ்சினின் சூடு
என் முழங்காலில் வந்து இறங்கியது.
அப்புறம் மடியில்.
அப்புறம் கண்ணிமையில்.
பக்கத்து ஆட்டோக்காரர் முகத்தைச் சுளித்து
"இன்னாக்கா, உள்ள பஜ்ஜி போடுறீங்களா?" என்றார்.
"வண்டிக்கு ஜுரம். நான் கொஞ்சம் வாங்கிக்கிறேன்."
அவர் சிரிக்கவில்லை.
கால்மாட்டுப் பாட்டிலைத் துண்டில் கவிழ்த்து
லேசாகப் பிழிந்து நீட்டினார்.
பீடி வாசனை. கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்திரண்டு.
ஊசி யோசித்தது.
ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட் என்று
ஒவ்வொன்றாய் மனசுக்குள் தொட்டு வந்தேன்.
இறங்கியது.
ஒரு மயிரிழை.

மொஹிதீன் பிச்சை கேட்டதற்கு
இன்னும் பதில் வைத்திருக்கவில்லை.
காலை ஐந்தே முக்காலுக்கு,
சோழிங்கநல்லூர் தாண்டி, ஆளில்லாத ஓ.எம்.ஆரில்,
இரண்டாவது கியரில் அது எடுக்கும்
அந்த ஒற்றைச் சுருதி,
நான்கு வினாடி,
அதற்குமேல் அடுத்த சிக்னல் வந்துவிடும்.
மீதி நாளெல்லாம் இதுதான்.

பச்சை.
துண்டைத் திருப்பிக் கொடுப்பதற்குள்
ஆட்டோ இடுக்கில் நுழைந்து காணாமல் போனது.
லாரி போட்ட ஈரக்கோட்டின் மேலேயே
மெதுவாக, முதல் கியரில்,
அவசரமே இல்லாதவள்போல் போனேன்.
டைடல் பார்க் வருவதற்குள்
துண்டு காய்ந்துவிட்டது.